குழிக்கு ஒரு சாண் முன்னால்

பூனாவில் ஒரு விநோதமான மரியாதை உண்டு. கோல்ஃப் ஆட்டத்தில் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டால், எதிராளி "ராஹூ தே" என்பார். இருக்கட்டும், எடுத்துக்கொள் என்று அர்த்தம். அடிக்காமலே பந்து விழுந்ததாகக் கணக்கு. நாகர்கோவிலில் நாங்கள் ஆடிய எந்த ஆட்டத்திலும் இப்படியொரு தாராளத்தைக் கண்டதில்லை. கபடியில் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பிடிபட்டவனை, பாவம், போகட்டும் என்று யார் விட்டார்கள்?

எழுபதுகளின் நடுவில், கன்டோன்மென்ட் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கலைக் கல்லூரிக்குப் பொருளாதாரம் கற்பிக்க வந்தேன். ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகளைச் சேர்க்க ஆசைப்பட்ட பிரின்சிபால், பக்கத்து மைதானத்தைக் கேட்டு வாங்கிக் கோல்ஃப் பயிற்சி ஆரம்பித்திருந்தார். உடற்கல்வி ஆசிரியர் சாத்தே அதற்குப் பொறுப்பு. காலை நேரத்தில் வகுப்பில்லாத நான் துணை. வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் மோதவேண்டும். ஜெயித்தவர் அணியை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போகலாம். சமன் என்றால் சாத்தேதான் போவார். அந்த வருடம் போட்டி மெட்ராஸில். வேலை கிடைக்காமல் மெட்ராஸில் ரயிலேறியவன் நான். அதே ஊரில் ஓர் அணியோடு போய் இறங்கவேண்டும் என்று எனக்கு வெறி.

கடைசிக் குழியில் என் பந்து ஒரு சாண் தள்ளி நின்றது. பயிற்சியில் எல்லோரும் எடுப்பதுபோல நானும் குனிந்து எடுத்துவிட்டேன். எதிராளி வாய் திறந்து சொன்னால்தான் எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாது.

"மீ போல்லோ கா?" என்றார் சாத்தே. நான் சொன்னேனா?

தண்டனையாக ஓர் அடி கூடியது, ஆட்டம் போயிற்று. "இந்த யண்டுகுண்டுகளுக்கு எதிலும் அவசரம்" என்று மாணவர்கள் முன்னால் சிரித்தார். தமிழர்களுக்கு அவர்கள் வைத்திருந்த கேலிப் பெயர் அது.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை. மழைக்காலச் சேற்றில்கூடப் பந்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்துப் பழகினேன். கணபதி பூஜைக்கு அவர் வீட்டுக்குப் போய் மோதகம் தின்றேன். உள்ளுக்குள் கறுவிக்கொண்டே தின்றேன்.

எண்பதுகளில் மெட்ராஸ் போட்டி மறுபடி வந்தது. மறுபடி நாங்கள் இருவரும் கடைசிக் குழியில். என் பந்து விழுந்துவிட்டது. சாத்தேயின் பந்து ஒரு சாண் தள்ளி நின்றது. அது விழுந்தால் சமன். அவர் என்னைப் பார்த்தார். நான் ஷூவில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"காய் சார், ராஹூ தே நா?" என்ன சார், இருக்கட்டும்தானே?

"மீ போல்லோ கா?" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. இத்தனை வருடமும் அந்தத் தூரத்தை யாரும் அவரை அடிக்கவிட்டதில்லை. குனிந்து அடித்தார். பந்து விளிம்பைத் தொட்டு விலகிப்போனது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்றைக்கும் குளிர்கிறது.

மெட்ராஸ் மைதான வாசலில் நின்ற ஊழியரிடம், "பயலுவளுக்குத் தண்ணி எங்க கெடைக்கும்?" என்று கேட்டேன். அவர் என் சட்டையில் இருந்த கல்லூரிப் பெயரைப் படித்தார்.

"பூனாவா சார்? பரவாயில்லையே, தமிழ் கொஞ்சம் வருதே. எங்க கத்துக்கிட்டீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "துலா காய் கராய்ச்சய்?" என்றேன். உனக்கென்ன அதைப் பற்றி என்று, வேண்டுமென்றே மராத்தியில். அவர் விழித்தார். என் மாணவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாத்தே அங்கே இருந்திருந்தால் என் தோளில் கைபோட்டுக்கொண்டு அவரும் சிரித்திருப்பார் என்று தோன்றியது. அதன்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.