வற்றிய ஓடையில் இறங்கியவர்கள்

இன்று காலை கடல் உள்வாங்கியிருந்தது. பாம்பன் பக்கத்து ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. காற்று மாறும் நாட்களில் கடல் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போகும், மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடும். படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. வெளியூர்க்காரர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வயதாகும் என் மகள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிப்பி பொறுக்க இறங்கிவிட்டாள். "நீங்களும் வாங்கப்பா" என்று கூப்பிட்டாள். நான் கரையிலேயே நின்றேன்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் வற்றிய கடலில் கால் வைக்கப் பயப்படுகிறான் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள்? என் வீட்டிலும் சிரிக்கிறார்கள். உங்களிடம் மட்டும் காரணத்தைச் சொல்கிறேன்.

கடல் விலகினால் ஒரு வாடை எழும்பும். பாசியும் சேறும் செத்த மீனும் கலந்த வாடை. அது மூக்கில் ஏறினால் எனக்கு உடனே அருளப்பன் மச்சானின் மினி லாரிதான் ஞாபகம் வரும். மச்சான் என் அக்காவைக் கட்டியவர். என் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அவரோடு கருவாட்டு லோடில் போய்க்கொண்டிருந்தேன். மாதம் ஒரு தடவை தேனியைத் தாண்டி மலையேறி, தேயிலைத் தோட்டத்து லயங்களுக்குக் கொண்டுபோய் விற்போம். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஓட்டு வீடுகள்.

சீலா, நெத்திலி, பாறை என்று மூட்டை மூட்டையாக ஏற்றியிருப்போம். அடிவாரத்து டீக்கடைக்காரர் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லித்தான் டீயே தருவார். எனக்கோ டீ குடித்தாலும் தங்காது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் வள்ளத்தில் போனபோதுகூட வராத வாந்தி, நாலாவது கொண்டை ஊசி வளைவில் வந்துவிடும். "ஏலே, கடல்காரன்னு வெளிய சொல்லிராத" என்பார் மச்சான். ஆனால் மேலே போய்விட்டால் எங்கள் மரியாதையே வேறு. வண்டி தெரிவதற்கு முன்னால் வாடை போய்ச் சேர்ந்துவிடும், பெண்கள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள்.

அப்படி வந்து நிற்பவர்களில் ஒருத்தி பஞ்சவர்ணம். அவளுடைய தாத்தா சாயல்குடிப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறியவராம். அவள் சாயல்குடியையும் பார்த்ததில்லை, கடலையும் பார்த்ததில்லை. ஆனாலும் "நம்ம ஊரு நெத்திலி" என்றுதான் கேட்டு வாங்குவாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அதற்கு வலிப்பு உண்டு, மருந்து விடாமல் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் கடலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். நான்தான் பீற்றிக்கொண்டேன். எங்கள் ஊரில் சில நாள் கடலே வற்றிப்போகும், நாங்கள் பாட்டுக்கு நடந்து போய்ச் சிப்பியும் நண்டும் பொறுக்கிக்கொண்டு வருவோம் என்றேன். "பயமா இருக்காதாண்ணே?" என்றாள். தண்ணீர் போனால் என்ன பயம், வந்தால்தானே பயம் என்று மச்சான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை பிடித்தது. மலையில் மழை என்றால் ஊரில் பெய்வது போலக் கொட்டிவிட்டு ஓய்வதில்லை. நாள்கணக்கில் விடாமல் நசநசக்கும். கருவாட்டுக்கு ஈரம் ஆகாது. தார்ப்பாயை இரண்டு மடிப்பாகப் போட்டு, மழையைத் திட்டிக்கொண்டே ஏறினோம். லயத்துக்கு மூன்று மைல் இருக்கும்போது பாதை இல்லை. மேலிருந்த சரிவு அப்படியே இறங்கிவந்து ரோட்டை மூடியிருந்தது. செம்மண், பாறை, வேரோடு சாய்ந்த மரங்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ்ஸும் ஜீப்புகளும் பால் வண்டியும் நின்றன. ஜேசிபி வரும் என்றார்கள். அது வருகிற பாதையிலும் மண் சரிந்திருக்கிறது என்றும் சொன்னார்கள்.

மலைக்காரர்கள் அதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்கும் கயிறு கட்டிவிட்டு, பத்துப் பத்துப் பேராக அதைப் பிடித்துச் சேற்றைக் கடந்தார்கள். அங்கே வேறு ஜீப் வந்து நிற்கும். அரிசி மூட்டை, ஸ்கூல் பை, கோழி எல்லாம் அப்படித்தான் போயின. வரிசையில் பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியவள், இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பையைச் செருகியிருந்தாள்.

"பாப்பாவுக்கு மருந்து நேத்தோட தீந்துருச்சுண்ணே. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துருக்கேன்" என்றாள். அடுத்த பத்துப் பேரில் அவள் போய்விடுவாள். நாங்கள் கருவாடு நமத்துப்போவதைப் பற்றிப் புலம்பினோம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது.

வண்டி நின்ற இடத்துக்குக் கீழே ஓடை. காலையிலிருந்து காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் மெலிந்து, உருண்டைக் கற்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. முழங்கால்வரை சேறு அப்பிக் கிடந்த எங்களுக்கு அது வசதியாகப் பட்டது. நான்தான் முதலில் வாளியை எடுத்தேன். "மச்சான், தண்ணி வத்திருச்சு, வாங்க கழுவிட்டு வந்துருவோம்" என்றேன். இருவரும் ஓடையின் நடுவரைக்கும் போனோம். ஒரு குழியில் துள்ளிய மீனைப் பிடிக்க மச்சான் குனிந்ததுகூட நினைவிருக்கிறது.

மேலே யாரோ கத்துவது கேட்டது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டோம். நிமிர்ந்தபோது பஞ்சவர்ணம் சரிவில் செடியைப் பிடித்துப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு வந்தாள். வரிசையை விட்டு வந்திருக்கிறாள்.

"மேல ஏறுங்கண்ணே. இது ஒங்க கடல் இல்ல. மேல மண்ணு அடச்சிருக்கு, ஒடச்சிட்டு வரும்."

என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏறினோம். பாதி வழியில் வாளியை விட்டேன். ரோட்டில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் ஓடை வந்தது. தண்ணீராக இல்லை, மண்ணும் மரமுமாக வந்தது. வாளி கிடந்த இடம், நாங்கள் நின்ற கற்கள், எதுவும் மிஞ்சவில்லை. அது ரோட்டின் அடியை அரித்ததில் சரிந்திருந்த மண் இன்னொரு தடவை நகர்ந்தது, கயிறு கட்டிய மரமும் சேர்ந்து போனது. பஞ்சவர்ணம் விட்டுவிட்டு வந்த அந்தப் பத்துப் பேர் அதற்குள் அக்கரை சேர்ந்திருந்தார்கள். அதற்குமேல் யாரையும் கடக்க விடவில்லை.

மருந்துப் பை அவள் இடுப்பிலேயே இருந்தது.

அவள் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. மச்சான் கொடுத்த கருவாட்டு வாடைத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். செல்போனில் சிக்னல் இல்லை. மச்சான் பையை வாங்கிக்கொண்டு சுற்றுவழியாக நடந்து போகிறேன் என்று புறப்பட்டார். அங்கேயும் சரிந்து கிடக்கிறது என்று ஆட்கள் மறித்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம்தான் வழி கிடைத்தது. அவள் ஓடினாள். நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டோம். குழந்தை என்ன ஆனது என்று கேட்டுவிட்டு வந்திருக்கலாம். பயம்தான், வேறென்ன.

அடுத்த மாதம் போனபோது அவள் வழக்கம்போலப் பாத்திரத்தோடு வந்தாள். குழந்தை பக்கத்தில் நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மச்சான் சந்தோஷத்தில், அதற்கென்றே ஊரிலிருந்து வாங்கிவந்த மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். குழந்தை இடது கையை நீட்டியது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அவருக்கு.

"சோத்துக் கையால வாங்கும்மா" என்றார்.

குழந்தை அம்மாவைப் பார்த்தது.

"அந்தக் கை வராதுண்ணே" என்றாள் பஞ்சவர்ணம். "அன்னைக்கி ரொம்ப நேரம் வலிப்பு நிக்கலையாம்."

சொல்லிவிட்டு நெத்திலி எவ்வளவு என்று கேட்டாள். நான்தான் விலையைச் சொல்லி நிறுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு மச்சான் மலைக்கு வண்டி விடவில்லை. லாரியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஓட்டுகிறார். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை, அக்காவுக்கும் தெரியாது. போன வருஷம் மனசு கேட்காமல் நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். அந்த வளைவில் இப்போது பெரிய கான்கிரீட் சுவர் நிற்கிறது. லயம் இல்லை. மேலே நிலம் வெடித்துவிட்டதென்று எல்லாரையும் இறக்கிவிட்டார்களாம். சுவர்கள் மட்டும் நின்றன, உள்ளே செடி முளைத்திருந்தது. பஞ்சவர்ணம் குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போயிருக்கும் என்றார் ஒருவர். இல்லை, கோயம்புத்தூர் என்றார் இன்னொருவர். அந்தக் குழந்தை இப்போது பெரிய மனுஷியாகியிருக்கும். அதன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றபோது மகள் வெகுதூரம் போயிருந்தாள். "மேல ஏறு" என்று கத்தினேன். பாசி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் ஓடி வந்தாள். வலது கையில் செருப்பு இருந்ததால் இடது கையால் ஒரு சிப்பியை நீட்டினாள்.

"அப்பாவுக்குச் சோத்துக் கையால குடும்மா" என்றாள் ஒரு பெண்.

மகள் என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அவள் அந்தப் பேச்சைக் கேட்டதே இல்லை. நான் என் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.