எங்கும் போகாத கப்பலுக்கு நாலு டிக்கெட்

கோவ் என்கிற இந்த அயர்லாந்து ஊரில் என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே சில காலைகளில் கடல் காணாமல் போய்விடும். முதல்நாள் மாலைவரை தண்ணீர் தெரிந்த இடத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று நிற்கும். சுவர் முழுக்க ஜன்னல்கள், பால்கனிகள். ஒரு பால்கனியில் இரவு உடையோடு காப்பி குடிக்கும் யாரோ ஒரு பெரியவர். ஊரின் வீடுகளையெல்லாம் விட உயரமான க்ரூஸ் கப்பல் ஒன்று வந்து துறையில் ஒட்டி நிற்கிறது என்று புரிய, முதல்முறை எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை முடிந்து நான் திரும்புவதற்குள் சுவர் போயிருக்கும், கடல் திரும்ப வந்திருக்கும்.

பக்கத்து வீட்டு மொரீன் ஒருநாள், மீன்பிடிக் குடும்பத்துப் பெண் நீ, கப்பலெல்லாம் உனக்குப் பஸ் மாதிரிதானே என்று கேட்டாள். நான் கடலில் போனதே இல்லை, எங்கள் குப்பத்தில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை என்றேன். பாவம், எல்லோருக்கும் தலைசுற்றலா என்று வருத்தப்பட்டாள். மறுநாள் என் தபால்பெட்டியில் குமட்டலுக்கான மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவள் நான். அங்கே ஃபைபர் படகு கரையேறியதும் மீனைப் பிரிப்பது, கூடையில் ஏற்றுவது, காயவைப்பது, பழவேற்காடு மார்க்கெட்டில் விற்பது எல்லாம் பெண்கள். ஏரியில் தோணி ஏறி அக்கரைக்குப் போய்வருவோம், அது வேறு. கடலில் இறங்குவது ஆண்கள் மட்டும். என் அண்ணன் ஏழுமலை நைனாவுக்குப் பிறகு படகை எடுத்தான். அண்ணி கஸ்தூரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை அனுப்பிவிட்டு, அவன் திரும்பும்வரை கரைப்பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே வேலை செய்கிறவள். நான் நர்சிங் படித்து வெளிநாடு போனதும், மீஞ்சூர்க்காரரான பாஸ்கரைக் கட்டிக்கொண்டதும், அவரும் என்னோடு இங்கே வந்ததும் அண்ணி எனக்காக வீட்டில் பேசியிராவிட்டால் நடந்திருக்காது.

அந்த அண்ணிக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஜன்னலுக்கு வெளியே நின்ற கப்பலைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "அதுல பொம்பளைங்களும் போறாங்களா?" என்றாள். போகிறார்கள் என்றேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது நாங்கள் இருவரும் அவர்கள் இருவருமாகச் சென்னையிலிருந்து கப்பலேறுவது என்று நானும் பாஸ்கரும் முடிவு செய்தோம். அவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அதனால் நடுக்கடல்வரை போய், எங்கும் இறங்காமல் திரும்பிவிடும் வாரக்கடைசிப் பயணமாகப் பார்த்தோம். எங்கும் போகாத கப்பலுக்கு எதற்கு டிக்கெட் என்று அண்ணன் சிரித்தான். மறுக்கவில்லை. பாக்கலாம் என்றான். அவன் பாக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் என நினைத்து, நாலு பேருக்கும் பதிவு செய்துவிட்டேன்.

ஊரில் அப்போது வேறு சூடு ஏறிக்கொண்டிருந்தது. தெற்கே துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள், கரை அரித்துக்கொண்டு போகும், ஏரியின் முகத்துவாரம் மண் மூடிவிடும் என்று குப்பங்கள் எல்லாம் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் ஊர் நிர்வாகிகளில் ஒருவன், மேடையில் பேசுகிறவன். அண்ணி சந்தோஷத்தில் பக்கத்து வீட்டில் கப்பல் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, துறைமுகம் வேணாம்னு இங்க பேசறவரு பொண்டாட்டியோட கப்பல்ல ஜாலியா போறாராமே, யாரு குடுத்த டிக்கெட்டு அது என்று கேட்டாராம். அன்று சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் செய்து, கப்பல் வேண்டாம் என்றான். நான், நாம் ஏறுவது சென்னையில், அது வேறு துறைமுகம், வேறு கப்பல், டிக்கெட் என் சம்பளம் என்று அடுக்கினேன். எனக்கும் கோபம். ஊரில் எவனோ கேட்டான் என்பதற்காக அண்ணியின் ஆசையை அழிப்பாயா என்று கேட்டுவிட்டேன். அவன் கத்தவில்லை. "உனக்கு இது லீவுக்கு வர்ற ஊரு, சுமதி. நா நாளைக்குக் காலைல இதே கரையில நிக்கணும். வல இழுக்கறதுக்கு ஆளு வரணும் எனுக்கு," என்று சொல்லிப் போனை வைத்தான்.

அதன்பிறகு அண்ணி வீடியோவில் வரவே இல்லை. கூப்பிட்டால் கருவாடு காயுது, அப்புறம் பேசறேன் என்பாள். ரத்து செய்துவிடலாம், ஒரு கப்பலுக்காக அண்ணன் தங்கச்சி உறவு போகக்கூடாது என்று பாஸ்கர் தினம் சொன்னார். இரண்டு தடவை டிக்கெட் பதிவு செய்த இணையப் பக்கத்தைத் திறந்தேன், இரண்டு தடவையும் மூடினேன். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அண்ணி இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்பதுதான் என்னைத் தடுத்தது.

ஊருக்குப் போய் இறங்கினோம். அண்ணன் வாசலில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான். வா என்றான், நிமிரவில்லை. பாஸ்கருக்கு மட்டும் நாற்காலி போட்டான். தெருவில் போகிறவர்கள் எப்ப வந்தே என்று என்னைக் கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டில் வஞ்சிரம் இருந்தது. கைகழுவி உட்கார்ந்ததும் பாஸ்கர், கேன்சல் பண்ணிடறோம் மச்சான் என்று ஆரம்பித்தார். அதுவரை ஏனங்களைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணி ஈரக்கையோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நா போறேன்," என்றாள். எங்களிடம் அல்ல, அவனிடம். "ஊருக்கு நீ பதில் சொல்லணும், நீ வர வேணாம். ஆனா நீ தெனம் போற எடத்த நா ஒரு தபா பாக்கணும். இத்தினி வருசமா அங்க இன்னா இருக்குதுனு தெரியாமலே பயந்துகினு கீறேன்."

அண்ணன் எழுந்து வெளியே போனான். அன்று நிர்வாகிகள் கூடியபோது அவனே எழுந்து, எங்க வீட்டம்மா அவங்க நாத்தனாரோட கப்பல்ல போவுது, நா போவல, இதுல யாருக்கு இன்னா கேக்கணுமோ என்னைக் கேளுங்க என்று சொன்னானாம். யாரும் கேட்கவில்லை. இதை எங்களிடம் சொன்னது அவன் அல்ல, பக்கத்து வீட்டுக்காரி. கப்பல் நாளன்று அண்ணியின் பையை அவனே ஆட்டோவில் ஏற்றினான். "கம்பிய நல்லா பிடிச்சிக்கோ," என்றான். என் பக்கம் திரும்பாமல் கரைக்கு நடந்தான்.

கப்பலில் நாங்கள் மூன்று பேர். அண்ணி கேபினில் தங்கவே இல்லை, மேல்தளத்துக் கம்பிதான் அவள் இடம். கடல்மேலேயே தொட்டி கட்டி அதில் தண்ணீர் ஊற்றி இறங்குகிறார்களே என்று நீச்சல்குளத்தைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். கரை மறைந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "இந்த மாதிரி எடத்துலயா வலைய வுட்டுட்டு ஒக்காந்துகினு இருக்காரு?" என்றாள். அண்ணன் இவ்வளவு தூரம் வரமாட்டான் என்றேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. சாப்பாட்டைத் தட்டில் எடுத்துவந்து கொடுத்தேன், நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

திரும்பும் நாள் காலை, கரை ஒரு கோடாகத் தெரியத் தொடங்கிய நேரம். முன்பக்கம் தூரத்தில் ஒரு ஃபைபர் படகு, அதில் இரண்டு பேர். ஒருவன் சட்டையைக் கழற்றிக் கழியில் கட்டித் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தான். படகுக்கு இந்தப் பக்கம் மிதவைகள் வரிசையாக, கறுப்புக் கொடிகளோடு. வலை விட்டிருக்கிறோம், விலகிப் போ என்று அர்த்தம். தளத்தில் இருந்தவர்கள் கம்பியோரம் ஓடிவந்தார்கள். மீனவங்க எவ்ளோ ஆசையா டாட்டா காட்டறாங்க பாருங்க என்று பக்கத்திலிருந்த பெண் தன் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். எல்லாக் கைகளும் ஆடின. நான் சீருடை போட்ட ஒருவனிடம் ஓடி, வலை, கேப்டனிடம் சொல் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் எந்த நாட்டுக்காரனோ, அழகாகச் சிரித்து, ஆமாம் மேடம், வணக்கம் சொல்கிறார்கள் என்றான்.

திரும்பி ஓடிவந்து கம்பிமேல் சாய்ந்து, படகைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினேன். அண்ணி சட்டென்று என் கைகளை இழுத்துக் கீழே இறக்கினாள்.

"தூக்காத சுமதி. அங்கேர்ந்து பாத்தா நாமளும் டாட்டா காட்டற மாதிரிதான் இருக்கும்."

கடைசிக் கொடி கப்பலின் நுரைக்குக் கொஞ்சம் அப்பால் ஆடிக்கொண்டு போயிற்று. வலை தப்பியது. படகில் சட்டை வீசியவன் கழியை இறக்கிவிட்டு, எங்கள் தளத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். சுற்றிலும் கைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. அண்ணியும் நானும் அவன் கண்ணுக்கு நேராக, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றோம்.