கம்பிக் கதவுப் பரீட்சை

எங்கள் வீட்டில் காலிங்பெல் அடித்தால் பாதிக் கதவுதான் திறக்கும். டில்லி ஜனக்புரி வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே ஓர் இரும்புக் கம்பிக் கதவும் இருக்கும். என் மனைவி மரக்கதவை மட்டும் திறந்து, கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சொல்லுங்க" என்பாள். நான் சொல்ல வேண்டும்: "ஏழு கிழவியும் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தாங்க." நாக்கு குழறாமல் சொன்னால் பூட்டைத் திறப்பாள்.

குடித்தவன் நாக்குக்கு இது வராது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. மறுவாழ்வு மையத்திலிருந்து நான் திரும்பி வந்த வாரம் பாதி விளையாட்டாக ஆரம்பித்தாள். நாலு வருஷமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. பரீட்சை மட்டும் நிற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், டில்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகளுக்கு "வாலப்பலம்"தான் வரும். அவள் ஒரு நாளும் தேறியதில்லை. அவளை யாரும் சந்தேகப்பட்டதுமில்லை. நல்லா இருக்கு நியாயம்!

மனைவியைக் குறை சொல்ல மாட்டேன். நான் குடித்த காலத்தில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஊருக்கு என்ன வந்தது? ஒரு பொங்கல் விழாவில் நண்பர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம்ம சார் குடியை அடியோட விட்டுட்டார், எல்லாரும் ஒரு தடவை கைதட்டுங்க" என்றார். தட்டினார்கள். அதுவரை தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. முன்பு குடிகாரன், பிறகு திருந்தினவர். திருந்தினவர் என்று சொல்லும்போதே அவர்கள் கண் என் கால்களைத்தான் பார்க்கும், நடை நேராக இருக்கிறதா என்று.

ஒரு டிசம்பர் நாள், பகலெல்லாம் புகைமூட்டம். ஆபீஸ் முடிந்து மெட்ரோ படியில் இறங்கும்போது வலது கையிலிருந்து டிபன் பை நழுவியது. எடுத்தேன், மறுபடியும் நழுவியது. வலது செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. எங்கள் பிளாக் வாசலில் காவல்காரன் பார்த்துவிட்டு, "அங்கிள்ஜி, ஆஜ் ஃபிர் சே?" என்று சிரித்தான். இன்றைக்கு மறுபடியுமா என்கிறான். இல்லையப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொழகொழவென்று ஏதோ சத்தம்தான் வந்தது.

பயந்துபோனேன். உடம்புக்கு என்ன ஆயிற்று என்ற பயமல்ல. ஐயோ, மேலே போனால் பரீட்சை இருக்கிறதே என்ற பயம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி மணியை அடித்தேன்.

"சொல்லுங்க."

தலைக்குள் வாக்கியம் முழுசாக, சுத்தமாக இருந்தது. வாயிலிருந்து "ஏவு... கிவ..." என்று எச்சிலோடு வழிந்தது.

அவள் முகம் செத்துப்போனது. "எனக்குத் தெரியும். என்னைக்காவது ஒரு நாள் இப்படி வந்து நிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க குடிச்சீங்களோ அங்கயே போய்ப் படுங்க." மரக்கதவைப் படாரென்று சாத்தினாள்.

படியில் சரிந்து உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பீ கே ஆயா ஹை" என்று உள்ளே யாரிடமோ சொன்னாள். குடித்துவிட்டு வந்திருக்கிறேனாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, அந்த மூக்கைக் கொஞ்சம் திறந்து பாரேன்! பேச முடியாததால் அவளைப் பார்த்து ஊதினேன். பலம் கொண்ட மட்டும் ஊதினேன். காற்று வாயின் ஒரு பக்கமாகவே போயிற்று. அவளும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேல்மாடிக்காரர் சுவரோரமாக ஒதுங்கி என்னைத் தாண்டிப் போனார். அவரைப் பார்த்தும் ஊதினேன். முகர்ந்து பார்க்க ஒருத்தராவது குனிய வேண்டுமே! குடிகாரன் வாயருகே யார் குனிவார்கள்? ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வலது கால் என்னுடையதாகவே இல்லை. செத்தாலும் குடித்துச் செத்தான் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

எவ்வளவு நேரமோ, கல்லூரியிலிருந்து மகள் வந்தாள். "அப்பா? க்யா ஹுவா? என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டு குனிந்தாள். ஊதினேன்.

"அம்மா! ஜல்தி வா! ஸ்மெல்லே இல்லம்மா! அப்பா வாய் ஒரு பக்கமா இழுத்துட்டிருக்கு, வந்து பாரு!"

அப்போதுதான் கம்பிக் கதவு திறந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் முதலில் கேட்டது, குடிப்பாரா என்று. என் மனைவிக்குப் பொய் வராது. "முன்னாடி குடிச்சாரு" என்று இந்தியில் சொன்னாள். முன்னாடியை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. தெளியட்டும் என்று ஓரத்துக் கட்டிலில் என்னைத் தள்ளிவைத்துவிட்டார். மகள் போட்ட கூச்சலில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் பெரிய டாக்டர். மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதை இடது கையால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இழுத்து இழுத்து நடக்கிறேன். பேச்சு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் நான் குடித்தவன் மாதிரித்தான் பேசுவேன். இடத்தைச் சொல்வதற்குள் ஆட்டோக்காரர் முறைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். விஷயம் தெரியாதவர்கள் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்கிறார்கள். தெரிந்தவர்கள் குடித்த குடிக்கு வந்தது என்கிறார்கள். திட்டித் தீர்க்கக்கூட எனக்கு நாக்கு இல்லை.

பரீட்சை நின்றுவிட்டது. "சொல்லுங்க" என்று அவள் கேட்பதே இல்லை. நேற்றுச் சாயங்காலம் பூங்காவில் நடந்துவிட்டு வந்து மணியை அடித்தேன். மரக்கதவைத் திறந்தாள். சாவியைப் பூட்டில் நுழைத்தாள். திருப்புவதற்கு முன்னால், கம்பிகளுக்கு நடுவே முகத்தைக் கொண்டுவந்து, எனக்குத் தெரியாது என்று நினைத்து, மெல்ல மூச்சை இழுத்தாள்.

நான் ஊதினேன்.