அசங்காலி கிண்ணத்தைக் கீழே வைத்த கதை

சரிபுலாக் என்ற கிர்கிஸ் மலையூரில் அசங்காலி இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்தது என்று யாராவது சொன்னால், அது கல்யாணமே இல்லை, சும்மா நாலு பேர் கூடி ஆடு தின்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அசங்காலி தமதா. விருந்தில் யார் எழுந்து வாழ்த்துச் சொல்வது, யார் வாயை மூடிக்கொள்வது, எப்போது கிண்ணத்தை வாயில் வைப்பது, எல்லாம் தமதா சொல்கிறபடிதான். வாழ்த்து முடியாமல் ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. அசங்காலி வாழ்த்தினால் கோணல் மூக்கு மாப்பிள்ளையும் ராஜகுமாரன் மாதிரித் தெரிவான். வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் கட்டிப்பிடித்து அழுவார்கள். மறுநாள் வாய்க்கால் தண்ணீருக்கு மறுபடி மண்வெட்டியைத் தூக்குவார்கள், அது வேறு விஷயம்.

விருந்தை முடிப்பதும் தமதாவின் கையில்தான் இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஆசி சொல்லி, ஓமின் என்று முகத்தைத் தடவிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் மேசையில் இருக்கும் எதையும் யாரும் தொடக்கூடாது. எலும்பைப் பாதி கடித்தவனும் அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். அதனால் ஓமினை எவ்வளவு தள்ளிப்போடுகிறானோ அவ்வளவு நல்ல தமதா என்று பெயர். இந்தப் பள்ளத்தாக்கில் அசங்காலி அளவுக்கு அதைத் தள்ளிப்போட்டவன் கிடையாது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு, பிடித்ததற்குக் குடித்து, பிடிக்காததற்கு உதட்டை மட்டும் நனைத்துக்கொள்ளலாம். தமதா எல்லோருடைய வாழ்த்துக்கும் குடிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்தக் குடும்பத்தையே அவமதித்ததாகிவிடும். அப்படியும் அவனை ஒருவரும் குடிகாரன் என்று சொன்னதில்லை. குடிகாரன் என்றால் தனக்காகக் குடிப்பவன், இவன் ஊருக்காகக் குடிக்கிறான் என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. விருந்து இல்லாத நாட்களில் அவன் கொட்டிலுக்குள் போய்ப் பசுமாட்டுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுக் குடித்ததை ஊர் பார்க்கவில்லை, அவன் மனைவி உபெல் பார்த்தாள்.

மூத்த மகள் அய்ஜர்கினைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிய விருந்திலும் அவன்தான் தமதா. அப்படி ஒரு வாழ்த்தை யாரும் கேட்டதில்லை என்று பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அடுத்த வருஷம் அய்ஜர்கின் கைக்குழந்தையோடு வந்து, "அப்பா, அன்னிக்கு எனக்குச் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க, பிள்ளை கேக்கட்டும்" என்றாள். அசங்காலி சிரித்தான், இருமினான், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று எழுந்து வெளியே போனான். அவனுக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

நைசாக ஊரில் விசாரித்துப் பார்த்தான். ஒருத்தர், நீ அவளைக் குதிரைக்குட்டி என்று சொன்னாய் என்றார். இன்னொருத்தர், இல்லை, ஏரியைப் பற்றிச் சொன்னாய் என்றார். மூன்றாமவர், நீ ஒன்றுமே சொல்லவில்லை, அழுதாய், அதுதான் பிரமாதம் என்றார். அவரவரும் தன் கிண்ணத்துக்குத் தகுந்த மாதிரி நினைவு வைத்திருந்தார்கள்.

இளையவள் பெர்மெத்துக்கு இலையுதிர் காலத்தில், மந்தைகள் மலையிலிருந்து இறங்கினதும் கல்யாணம் என்று நிச்சயமானபோது அவன் உபெல் முன்னால் வந்து நின்றான்.

"பெர்மெத்தை அனுப்புறப்ப நான் என்ன பேசுறேன்னு எனக்குத் தெரியணும். அது போதும்."

உபெல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அப்ப வைத்தியம் பாருங்க. என்கிட்ட வாழ்த்துச் சொல்ல வராதீங்க."

வைத்தியம் எங்கே கிடைக்கும்? மாவட்ட ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஓர் அறை உண்டு, கதவில் பலகையும் உண்டு. ஆனால் அங்கே பெயர் பதிந்தால் வண்டி ஓட்டுகிற உரிமம் போய்விடும் என்று பயந்து யாரும் போவதில்லை. யாரும் போகாததால் இந்த மாவட்டத்தில் குடி நோயாளியே இல்லை என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டு, ஆஸ்பத்திரி பாராட்டும் வாங்கியிருந்தது. அறையில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருந்தார்கள். அசங்காலியிடம் வண்டி இல்லை, குதிரைதான். அதனால் துணிந்து போனான்.

டாக்டர் ரிஸ்கெல்டி அவனைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். அவருடைய பிறந்தநாள் விருந்தை நடத்திக் கொடுத்தவனே இவன்தான். வந்த காரியத்தைச் சொன்னதும் டாக்டர் அடக்க முடியாமல் சிரித்தார்.

"குடிகாரன்னா வேலைக்குப் போகமாட்டான், பொண்டாட்டிய அடிப்பான், சாக்கடையில கிடப்பான். நீங்க நம்ம ஊரு சொத்துண்ணே."

அசங்காலி கையை நீட்டிக் காட்டினான். கை நடுங்கியது. குளிர்தான் காரணம் என்று டாக்டர் ஜன்னலை மூடச் சொன்னார்.

அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, வைத்தியம் வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அடுத்த மாதம் தன் மச்சினனுக்குக் கல்யாணம், அது முடியட்டும் என்றார். இதையேதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவன் நிறுத்தவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை, ஆனால் அவரவர் வீட்டு விருந்து முடிந்த பிறகு.

அண்ணன் காசிம்பெக் மட்டும் உடனே கிளம்பினார். கணவாய்க்கு அந்தப் பக்கம் நகரத்தில் ஒருவன் இருக்கிறான், ஊசி போட்டுக் கண்ணை உற்றுப் பார்த்து உள்ளேயே பூட்டுப் போட்டுவிடுவான், அதை மீறிக் குடித்தால் ஆள் அங்கேயே சாவான் என்று தம்பியைக் கூட்டிப்போனார். அவனும் ஊசி போட்டான், உற்றுப் பார்த்தான், பூட்டியாயிற்று என்றான். அசங்காலிக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. காசிம்பெக் மரியாதைக்கு ஒரு நல்ல கோன்யாக் பிராந்தி பாட்டிலைக் கொண்டுபோயிருந்தார். அதை மேசையில் வைத்து, வெறும் கையோடு நன்றி சொல்லக்கூடாது, நாலு வார்த்தை சொல்லு என்று தம்பியை எழுப்பினார். அசங்காலி சொன்னான். பூட்டுக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் யாரும் தன்னை இப்படிப் புகழ்ந்ததில்லை என்று, பூட்டுப் போட்ட கையாலேயே மூன்று கிண்ணத்திலும் ஊற்றினான். ஒருவரும் சாகவில்லை. வழியெல்லாம் பாடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்தது உபெல்தான். வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஊர்க் குளியல் கூடம். அதை நடத்துபவள் ஜினாய்தா என்ற ரஷ்யக்காரி. தண்ணீர் சுடவைக்காத நாளிலும் சில ஆண்கள் துண்டு இல்லாமல் உள்ளே போவதையும், போன மாதிரியே அழுக்காகத் திரும்பி வருவதையும் உபெல் கவனித்திருந்தாள். ஒருநாள் ஜினாய்தாவிடமே கேட்டுவிட்டாள். ஜினாய்தாவும் ஒரு காலத்தில் குடித்து, குடும்பத்தைத் தொலைத்து, பிறகு நிறுத்தியவள். தன்னைப் போன்றவர்களை வாரம் ஒரு தடவை கூட்டி உட்காரவைத்து, தேநீர் கொடுத்துப் பேசவைக்கிறாள். மாவட்டம், கணவாய், நகரம் என்று அலைந்த மனுஷனுக்கு மருந்து கொல்லைப்புறத்திலேயே இருந்திருக்கிறது.

அசங்காலி உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கால்நடை வைத்தியர் இருந்தார். மசூதி முல்லாவின் மருமகன் இருந்தான். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் இருந்தார். பாதிப் பேருக்கு அவரவர் கல்யாணத்தில் முதல் கிண்ணத்தைக் கையில் கொடுத்தவன் அசங்காலிதான்.

அவனுடைய முறை வந்தது. எழுந்தான், கல்பாக் தொப்பியைச் சரிசெய்தான், தொண்டையைக் கனைத்தான். மதிப்புக்குரிய பெரியோர்களே என்று தொடங்கி, கூடத்தைப் புகழ்ந்து, அணைந்து கிடந்த அடுப்பைப் புகழ்ந்து, ஜினாய்தாவின் அப்பா அம்மா வரைக்கும் போய்விட்டான்.

"உக்காருய்யா," என்றாள் ஜினாய்தா. "இங்க யாருக்கும் கல்யாணம் இல்ல. உன்னைப் பத்தி மட்டும் சொல்லு."

ஊரையே பேச்சால் கட்டிப்போட்டவன் தேநீர் ஆறுகிற வரைக்கும் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம், "என் மூத்த மக போறப்ப அவகிட்ட என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னான். யாரும் கை தட்டவில்லை. முல்லாவின் மருமகன் எண்ணெயில் பொரித்த போர்சோக் தட்டை அவன் பக்கம் தள்ளினான்.

ஆனால் இத்தனை வருஷக் குடியைப் பேசியே நிறுத்திவிடலாம் என்று ஜினாய்தா சொல்லவில்லை. சட்டென்று நிறுத்தினால் உடம்பு பழிவாங்கும், அதற்கு ஆஸ்பத்திரிதான் என்று அவளே அவனோடு போனாள். டாக்டர் மச்சினன் கல்யாணப் பேச்சை எடுத்தார். அறையைக் காலி பண்ணாவிட்டால் இனிமேல் குளிக்க வரவேண்டாம் என்று ஜினாய்தா சொன்னாள். ஊரில் சொந்தக் குளியலறை இல்லாத வீடுகளில் டாக்டர் வீடும் ஒன்று. உருளைக்கிழங்கு வெளியே வந்தது, அசங்காலி உள்ளே போனான். சில நாட்கள் அவன் பட்ட பாடு, சுவரில் குதிரைகள் ஓடுவதாக அலறியது, எல்லாம் உபெல் பார்த்தாள். அதை அவள் யாரிடமும் விவரித்ததில்லை.

கோடை முழுக்க அவன் குடிக்கவில்லை. ஊர் இதைச் சுலபமாக ஏற்றுக்கொண்டது என்று நினைக்கவேண்டாம். வோட்காவை விட்டதைக்கூட மன்னித்தார்கள். புளித்துப் போதை ஏறிய குமிஸையும் தொடமாட்டேன் என்றதும்தான் கலவரமானது. குமிஸ் குதிரைப்பால் அல்லவா, அது எப்படிக் குடியாகும், பால்குடி மறந்தவன் கிர்கிஸே இல்லை, ரஷ்யக்காரி என்னவோ செய்துவிட்டாள் என்று பேசினார்கள். விருந்துகளில் அவன் தேநீர்க் கிண்ணத்தைத் தூக்கி வாழ்த்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் குனிந்து மோந்து பார்த்தார்கள். தேநீர்தான் என்று தெரிந்ததும் முகம் வாடிப்போனார்கள்.

மந்தைகள் இறங்கின. பெர்மெத்தை அனுப்பும் நாள் வந்தது. காசிம்பெக் அண்ணன், தம்பி மகளின் விருந்தோடு அவன் குணமானதையும் சேர்த்துக் கொண்டாடப்போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். தம்பி குணமானதைத் தேநீர் வைத்தா கொண்டாடுவது என்று வோட்காவைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். டாக்டர் ரிஸ்கெல்டியும் வந்தார். தான் செய்த வைத்தியத்தைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டுக்கறி பெஷ்பர்மாக் தின்று முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வண்டி வாசலில் நின்றது. பெர்மெத் புதுப்பெண்ணுக்குரிய வெள்ளைத் துணியைத் தலையில் கட்டித் தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். இனி அப்பன் வாழ்த்தவேண்டும். காசிம்பெக் ஒரு கிண்ணத்தைத் தளும்ப ஊற்றித் தம்பியின் கையில் வைத்தார். சபை மொத்தமும் கிண்ணத்தைத் தூக்கியது.

"ஒண்ணே ஒண்ணு. எங்களுக்காக வேணாம், உன் பொண்ணுக்காக. பெத்த பொண்ணுக்காகக் குடிக்காத அப்பன் உண்டா?"

உபெல் தட்டை ஏந்தியபடி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அசங்காலி கிண்ணத்தோடு எழுந்தான். கை லேசாக நடுங்கியது. இந்தத் தடவை ஜன்னலை மூடச்சொல்ல யாரும் இல்லை.

பேச ஆரம்பித்தான். பழைய மாதிரி நிலாவும் ஏரியும் இல்லை. பெர்மெத் சின்னவளாக இருந்தபோது தாயில்லாத ஆட்டுக்குட்டிக்குப் பாட்டிலில் பால் கொடுத்ததை, அந்தக் குட்டி பள்ளிக்கூடம் வரை அவள் பின்னாலேயே போனதை, அதை விற்ற அன்று அவள் அப்பனோடு பேசாமல் இருந்ததைச் சொன்னான். கொட்டில் கதவில் அவள் நின்று பார்த்ததையும் சொன்னான். எதைப் பார்த்தாள் என்று சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். பேச்சு போய்க்கொண்டே இருந்தது. வாழ்த்து முடியாமல் கிண்ணத்தை இறக்கவும் முடியாது, குடிக்கவும் முடியாது. கிழவர்களுக்குக் கை கடுத்தது. டாக்டர் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். காசிம்பெக்கின் கிண்ணம் சட்டையில் கொட்டியது.

அப்புறம் அசங்காலி குனிந்து, கிண்ணத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் மேசையில் வைத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் மகளை நோக்கி விரித்தான். பெற்றவன் ஆசிக்குக் கை விரித்தால் சபையில் ஒருவரும் கையில் எதையும் வைத்திருக்கக்கூடாது. எல்லோரும் அவசர அவசரமாகக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை விரித்தார்கள்.

"போற வீட்டுல உன் அடுப்பு அணையாம இருக்கணும். உன் வாசல்ல விருந்தாளி குறையாம இருக்கணும். உன் பிள்ளைங்க கேக்குறப்ப இதைச் சொல்லு. ஓமின்."

"ஓமின்" என்று சபை முகத்தைத் தடவியது. தடவிய பிறகுதான் என்ன நடந்தது என்று அவர்களுக்குப் புரிந்தது. மூத்த கிழவி ஒருத்தி முறைப்படி முதலில் எழுந்தாள், மற்றவர்களும் எழவேண்டியதாயிற்று. காசிம்பெக் பாதி எழுந்த நிலையில், கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட முடியாது. ஓமின் சொல்லியாயிற்று. வண்டி போகிறவரைக்கும் பெர்மெத் திரும்பித் திரும்பி அப்பனைப் பார்த்தாள்.

அவன் விருந்தைக் கெடுத்துவிட்டான் என்று ஊர் வெகுநாள் பேசியது. காசிம்பெக் முதல்பனி விழும்வரை தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. உருளைக்கிழங்கு மறுபடி ஆஸ்பத்திரி அறைக்குள் போகப் பார்த்தது, ஜினாய்தா விடவில்லை.

விருந்துக்கு மறுநாள் காலையில் உபெல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அசங்காலி பக்கத்தில் உட்கார்ந்து, முந்தின நாள் பேசியதை முதல் வார்த்தையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆட்டுக்குட்டி வந்த இடத்தில் அவள் நிறுத்தினாள்.

"கறுப்புக் குட்டின்னு சொன்னீங்க. அதுக்கு முகத்துல வெள்ளை உண்டு."

"இல்ல. முழுக் கறுப்பு."

"வெள்ளை உண்டுங்கிறேன்."

"எனக்கு ஞாபகம் இருக்கு, உபெல்," என்றான் அவன். அன்று மத்தியானம் வரைக்கும் அதற்காகச் சண்டை போட்டார்கள்.