பாதிக் காணிக்கை

அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் போட்டிருக்கும் நீள மேஜையில் வைத்து, "இது எங்க ஊட்டுக் காணிக்கைங்க" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கம்பு, நிலக்கடலை, சேவல், சில வருஷம் ஆட்டுக்குட்டிகூட வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். மேஜையில் ஏறியதைத் திரும்ப எடுக்கக் கூடாது. அறுவடை முடியாமல் பாதியை மட்டும் கொண்டுவந்தவர்கள் அதை மேஜைக்குக் கீழே வைப்பார்கள். மீதி வந்து சேர்ந்த பிறகுதான் அது மேலே ஏறும்.

நாமக்கல்லுக்குத் தெற்கே, காவேரிக்குப் போகும் பாதையில் இருந்த சின்ன ஓட்டுக் கோயில் அது. அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்களுக்கு நிலம் கிடையாது. வேலியில் படர்ந்து காய்த்த பூசணிக்காயைத்தான் வருஷா வருஷம் தோளில் வைத்துக்கொண்டு போவார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த பண்டிகையில், மலாயாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பிரசங்கியார் பேசினார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகளோடு கப்பலேறிப் போன நம் சேலம் ஜில்லா ஜனங்கள் அங்கே ரப்பர் தோட்டங்களில் கிடக்கிறார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆளில்லை, செத்தால் ஜெபம் பண்ணக்கூட ஆளில்லை என்றார். மிஷனரிகளாகப் போக இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்குத் தெரிந்த மிஷனரி என்றால் வெள்ளைக்காரர், தலையில் தொப்பி, கரண்டியில் சாப்பாடு. ஆகவே அவர் யாரைக் கேட்கிறார் என்றே பலருக்குப் புரியவில்லை.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. காணிக்கை வரிசையில் அவர் முறை வந்ததும் பூசணிக்காயைத் தரையில் வைத்தார். வெறுங்கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டு, "எங்க குடும்பமே இந்த வருசக் காணிக்கைங்க" என்றார்.

அப்பா நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களுக்கு மனசு பொங்கிவிட்டால் வீட்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகும். பிரசங்கியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஆமென் சத்தம் கேட்டது. அப்போது பெண்கள் பக்கத்தில் என் அருகே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றாள். எங்கள் கோயிலில் பாட்டுக்குத் தவிர வேறெதற்கும் பெண்கள் எழுந்ததில்லை.

"ஐயா," என்று போதகரைப் பார்த்துச் சொன்னாள். அப்பாவை அவள் பார்க்கவேயில்லை. "அந்தக் காணிக்கையில பாதி நானுங்க. என்னைய யாரும் கேக்கலீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாக ஏலம் விடுகிறவர் பின்னாலிருந்து, "மேசைக்கு வந்ததெல்லாம் ஏலத்துக்கு வருமுங்களே, வாத்தியாரூட்டம்மாளையும் சேத்துத்தானுங்களா?" என்று கேட்டதும் கொல்லென்று ஒரு சிரிப்பு. அப்பாவின் காது சிவந்துபோனது. போதகர் விவரமானவர். "பாதிதான வந்திருக்குது. வழக்கப்படி மேசைக்குக் கீழயே இருக்கட்டும். மீதி வந்தப்பொறவு மேல ஏத்திக்கலாம்" என்று முடித்துவைத்தார். அப்பா பூசணிக்காயைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சேலத்தில் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றவள். எங்களை முன்வாசல் வழியாக விடாத பண்ணையக்காரர் வீடுகளில்கூட, பெண்ணுக்கு வலி கண்டால் வண்டி கட்டிக்கொண்டு அம்மாவைத் தேடித்தான் வருவார்கள். கொல்லைப்புறமாக உள்ளே போய், பிள்ளையைக் கையில் ஏந்தி, கொல்லைப்புறமாகவே திரும்பி வருவாள். அதற்காக அவள் முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் எரியும்.

பண்டிகைக்குப் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சோறு நேரத்துக்கு வந்தது. ஆனால் அப்பாவிடம் சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போனது. அப்பா முதலில் போதகரை அனுப்பினார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, "ஐயா, எங்கூட்டு விசயத்துக்கு நீங்க எதுக்குங்க வெயில்ல அலையறீங்க? அவருக்கும் வாய் இருக்குதுங்களே" என்றாள். அடுத்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்தாள். புருஷன் சொன்னால் கிளம்ப வேண்டியதுதானே என்று அதட்டினாள். "எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்களே. சபைகிட்டத்தானுங்க சொன்னாரு" என்று அம்மா கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டே பதில் சொன்னாள். அத்தை களியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள்.

ஆனால் அம்மா சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஊரில், மலாயாத் தோட்டத்துக்குப் போய்ப் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பிய ஒருத்தி இருந்தாள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடியே, அங்கே பிரசவத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

"யாருங்க இருக்கறா அங்க? பக்கத்து லயத்துல ஒரு கெழவி. அவளும் மரத்துல பால் எடுக்கப் போயிட்டா, நாமளே பெத்து நாமளே கொடி அறுக்க வேண்டியதுதான். எனக்கு மூணு அப்படித்தான் பொறந்துச்சு. ஒண்ணும் நிக்கல."

அன்றைக்கே அம்மா மனதுக்குள் கப்பல் ஏறிவிட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கேட்க வேண்டியவர் கேட்கட்டும் என்று இருந்தாள்.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் அப்பா கிணற்றடிக்கு வந்தார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கையிலிருந்த கயிற்றை வாங்கித் தானே ஒரு வாளி இறைத்தார். எங்கள் ஊரில் ஆண்கள் வீட்டுக்குத் தண்ணீர் இறைக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"உன்னையக் கேக்காமச் சொன்னது தப்பு. இப்பக் கேக்கறேன். மலாயாவுக்கு வாரியா?"

அம்மா வாளித் தண்ணீரைக் குடத்தில் சாய்த்தாள். "அங்க வந்து நான் என்னங்க பண்ணோணும்?"

"இங்க பண்ணறதத்தான். நீ பிரசவம் பாரு. நான் எழுத்துச் சொல்லித் தாரேன்."

"அப்ப நானும் மிஷனரிதானுங்களா? உங்களுக்குச் சோறாக்கக் கூட்டிட்டுப் போகலீங்கல்ல?"

அப்பா சிரித்துவிட்டார். "நீயும் மிஷனரிதான்."

"அப்பச் சரிங்க. புள்ளையவும் ஒரு வார்த்தை கேட்டுருங்க."

அப்பா என் பக்கம் திரும்பி, "நீ வாரியா சாமி?" என்று கேட்டார். பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடக் கூடாதென்று போதகர் எத்தனையோ தரம் சொல்லியும் அப்பாவின் வாய் திருந்தவேயில்லை. "கப்பல்லதானுங்கப்பா போறோம்? வாரேன்" என்றேன். பத்து வயதில் தேவ அழைப்பு கப்பல் வழியாகத்தான் வரும்.

அடுத்த ஞாயிறு அம்மாவும் அப்பாவும் அவரவர் பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். காணிக்கை மேலே ஏறியது. மோகனூரில் பரிசல் ஏறிக் காவேரியைத் தாண்டி, அக்கரையில் ரயில் பிடித்து, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். கப்பல் ஆசை முதல் நாள் வாந்தியிலேயே தீர்ந்துவிட்டது.

தோட்டத்தில் எங்களுக்கும், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஓர் அறைதான். அப்பா வேலை முடிந்து வரும் ஆட்களுக்குத் தகரக் கொட்டகையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அம்மாவைத் தேடிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆள் வரும். அங்கே எந்த வீட்டிலும் அவள் கொல்லைப்புறமாகப் போக வேண்டியிருக்கவில்லை. அவள் கையில் பிறந்த பிள்ளைகள் லயத்து வாசல்களில் ஓடித் திரிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இவ்வளவு வேலையை ஒருத்தி முகம் சுளிக்காமல் செய்ய முடியுமா என்று இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறேன்.

பிறகு உலகச் சண்டை வந்தது. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவைப் பிடிக்கவில்லை. அவரிடம் எழுத்துக் கற்றவர்கள் லாரியில் ஏறியபோது அவராகவே கூட ஏறிக்கொண்டார். அவர்களில் திரும்பி வந்த சிலர், அப்பா காலராவில் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். மறுபடியும் எங்களைக் கேட்காமல் தன்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று அழுதேன். அம்மாவிடம் அதைச் சொல்ல மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

சண்டை முடிந்து கப்பல் விட்டதும் நாங்கள் இருவரும் ஊர் திரும்பினோம். அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகையில் சபை மூப்பர் ஒருவர் எழுந்து எங்களுக்காகப் பரிதாபப்பட்டுப் பேசினார். வாத்தியார் அவசரப்பட்டுவிட்டார், பொம்பளைப் பிள்ளையையும் பொஞ்சாதியையும் கண்காணாத தேசத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அம்போவென்று விட்டுவிட்டார் என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மா எழுந்து நின்றாள்.

"ஐயா, இங்கிருந்து போறப்பவும் என்னையக் கேட்டாரு. சயாமுக்குப் போறப்பவும், லாரி வந்து நிக்கறப்ப ஊட்டுக்கு ஓடியாந்து, போகட்டுமான்னு கேட்டுட்டுத்தானுங்க போனாரு. ரெண்டு தடவையும் சரின்னு சொன்னது நானுங்க."

சயாமுக்குப் போகும்போதும் கேட்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அம்மா உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். இத்தனை நாள் அப்பாமேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பாயில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.