தெரியாது என்ற டாக்டரும் வலப்பக்கம் விழுந்த பூவும்

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலிக்காரர் ‘உங்களுக்கு என்ன பண்ணுது?’ என்று கேட்கவே மாட்டார். ஸ்வீடனுக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு நகரத்துக்குப் போகும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. பனி பழகிவிட்டது. மத்தியானமே இருட்டிவிடும் மார்கழி பழகிவிட்டது. இனிப்புப் போட்டு ஊறவைத்த மீன்கூடப் பழகிவிட்டது. இந்த மௌனம் மட்டும் பழகவில்லை. போன வருடம் மார்பகப் புற்றுநோய்ப் பிரிவில் காத்திருந்தபோது சுற்றிலும் பெண்கள். எல்லோருக்கும் ஒரே நோய், எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக் கொடுப்போமே என்று பக்கத்து அம்மாவிடம், “உங்களுக்கு இடதா, வலதா?” என்று கேட்டுவிட்டேன். அவர் திடுக்கிட்டுப்போய், “கழிப்பறை இடது பக்கம்” என்று கை காட்டினார். என் வீட்டுக்காரர் என்னைத் தெரியாதவர் போலச் சுவரில் இருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

எங்கள் அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் போனோம். சித்தப்பா, பெரியம்மா, சம்பந்தி வீட்டார், யாருடைய மச்சினன் என்றே தெரியாத ஒருவர். வழியில் ஆட்டையாம்பட்டியில் வண்டியை நிறுத்தி முறுக்கு வாங்கினோம். கல்யாணத்துக்குப் போவது போலத்தான் இருந்தது, அம்மாவின் முகத்தைப் பார்க்காதவரை. பக்கத்துக் கட்டிலில் ஆத்தூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் இருந்தார், ஜவ்வரிசி ஆலையில் வேலை. நாங்கள் பையை இறக்கி வைப்பதற்குள் அம்மாவிடம், “கட்டியாம்மா? எனக்கும் கட்டிதான். பயப்படாத, எடுத்துட்டா சரியாப் பூடும்” என்றார். அந்த ஒரு வாக்கியம் டாக்டர் சொன்ன எல்லாவற்றையும்விட அம்மாவுக்குத் தெம்பாக இருந்தது.

‘கட்டி’ என்ற சொல்லைத் தாண்டி அம்மாவின் காதில் எதுவும் விழாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். நோயின் பெயரை யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் அது பலத்துவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மார்பையும், அக்குளில் இருந்த நெறிகள் என்னும் நிணநீர் முடிச்சுகள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த டாக்டர், “எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சு” என்றார். அப்பா அங்கேயே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா அதன் பிறகு நெடுநாள் இருந்தார், வயசான காலத்தில் நெஞ்சுவலி வந்துதான் போனார். ஆனால் நெறிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கியது வீங்கியதுதான். வளையலை வெட்டித்தான் எடுத்தோம். எங்கள் தையல்காரர் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவின் ரவிக்கைகளுக்கெல்லாம் ஒரு பக்கக் கையை மட்டும் தாராளமாக வைத்துத் தைத்துத் தந்தார்.

இங்கே எனக்கு மார்பை எடுக்கவில்லை. கட்டியை மட்டும் எடுத்தார்கள். அதோடு நீலச் சாயம் ஒன்றை ஊசியில் ஏற்றி, அது அக்குளில் முதலில் போய்ச் சேரும் நெறி எதுவென்று பார்த்து, அதை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்கள். நோய் பரவினால் முதலில் அந்த வாசலைத்தான் தட்டுமாம். அந்தச் சாயத்தால் அடுத்த நாள் எனக்குச் சிறுநீர் பச்சையாகப் போனது. எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறை ஓடை நினைவுக்கு வந்து, அந்த வலியிலும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அன்றோடு சரி. எடுத்த நெறியில் நோய் கொஞ்சம் இருக்கிறது என்று முடிவு வந்தது. டாக்டர் பெயர் அனிகா. இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் ‘டாக்டர்’ என்றுதான் வாயில் வருகிறது. அவர் என் முகத்தைப் பார்த்து, நோயின் பெயரைச் சொல்லியே பேசினார். முன்பெல்லாம் இப்படி இருந்தால் மறுபடி ஆபரேஷன் செய்து மிச்ச நெறிகளையும் எடுத்துவிடுவார்களாம். கை வீங்கும், தூக்க முடியாமலும் போகலாம். கதிர் வைத்தியமும் மாத்திரையும் எப்படியும் உண்டு என்னும்போது, எடுப்பது உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது, அதற்காக ஓர் ஆய்வு நடக்கிறது என்றார். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகும் பாத்திரத்தை இறக்குவது இந்தக் கைதான். இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் எடுத்ததால்தானே அம்மா பிழைத்தார் என்று மனம் அடித்துக்கொண்டது.

“உங்கள் அக்காவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“வி வேத் இன்தெ” என்றார். எங்களுக்குத் தெரியாது. “அதனால்தான் ஆய்வே நடக்கிறது.”

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நம்மூரில் அப்படிச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வேறு டாக்டரிடம் போய்விடுவோம். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். “உன்ற இஷ்டம்” என்றார். ஊரில் இருந்திருந்தால் நான் என்ன புடவை கட்டுவது என்றுகூட இந்த மனிதர் முடிவு செய்திருப்பார். இங்கே வந்து நாகரிகம் கற்றுக்கொண்டு, தேவையான நேரத்தில் கைகழுவுகிறார்.

ஆய்வில் சேர்ந்தால் எடுப்பதா விடுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யமாட்டார், நானும் செய்யமாட்டேன், கம்ப்யூட்டர் சொல்லும் என்றார் அனிகா. அதற்கு அவர் சொன்ன சொல் ‘லொத்னிங்’, அதாவது குலுக்கல். அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது போல இருந்தது. அட, இது நம்ம பூவாக்கு!

எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குலசாமியின் மேல் பூவை வைத்துவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்போம். வலப்பக்கம் பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பெண் கொடுப்பதா, போர் போடுவதா, லாரி எடுப்பதா, எல்லாவற்றுக்கும் பூ விழ வேண்டும். நான் ஸ்வீடனுக்கு வந்ததே அப்படித்தான். நாலு மணி நேரம் பூ விழாமல் சாமி எங்களை உட்கார வைத்தது. அப்பா கொட்டாவி விட்டார், பூசாரி டீ குடித்துவிட்டு வந்தார், கடைசியில் பொத்தென்று வலப்பக்கம் விழுந்தது. அந்தக் கோயிலின் வேப்பங்காற்றும் விளக்கெண்ணெய் வாசமும் இதை எழுதும்போதே மூக்கில் ஏறுகின்றன. அங்கே காத்திருக்கும்போது பாரம் நம்முடையது இல்லை. அந்த நிம்மதிக்கு நான் எவ்வளவு ஏங்கிக் கிடந்தேன் என்பது, கையெழுத்துப் போட்டபோதுதான் தெரிந்தது. சேர்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அனிகா என்னை அறிவியலில் ஆர்வமுள்ள பெண் என்று நினைத்திருப்பார்.

ஆனால் நான் தம்பிக்கும் போன் செய்திருந்தேன். தங்கராசு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். எடுப்பதா விடுவதா என்று கேட்கிறார்கள் என்றதும், பட்டறையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டான். மறுநாள் காலையில் கூப்பிட்டான்.

“அக்கா, வலப்பக்கம் உழுந்துருச்சுங்க! கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள உழுந்துருச்சு. எடுத்துருங்க. ரோசனையே பண்ணாதீங்க.”

அதே வாரம் ஆய்வுப் பிரிவின் நர்ஸ் லேனா கூப்பிட்டார். கம்ப்யூட்டர் எனக்குச் சொன்னது, விட்டுவிடு.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் வெல்டிங் சத்தம் கேட்டது. “ஏனுங்க்கா, அந்தக் கம்ப்யூட்டருக்கு நம்மளத் தெரியுமா? நம்ம குலம் தெரியுமா, கோத்தரம் தெரியுமா? சாமிக்குத் தெரியுமுங்க” என்றான். நான் இதை அப்படியே அனிகாவிடம் சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியவே கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு. ஆளைப் பார்த்துச் சொன்னால் உண்மை தெரியாமல் போய்விடுமாம். எங்களுக்கோ ஆளைத் தெரியாத வாக்கு வாக்கே இல்லை.

யோசித்து யோசித்து, நேராக லேனாவிடம் போனேன். “இன்னொரு தடவை கேட்க முடியுமா?” என்றேன். பூ சரியாக விழவில்லை என்று மனசுக்குப் பட்டால் எங்கள் கோயிலில் மறுபடி வைத்துக் கேட்பது உண்டு. லேனாவுக்கு அது எங்கே புரியும்? “கம்ப்யூட்டர் தவறு செய்யாது, ஒரே தடவைதான். ஆனால் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விருப்பப்பட்டால் ஆபரேஷனும் செய்துகொள்ளலாம். யாரும் வருத்தப்படமாட்டோம்” என்று அன்பாகச் சிரித்தார். வாக்குக் கேட்டுவிட்டு விலகுவதா! சாமி குத்தம் ஆகாதா? அப்படி விலகலாம் என்றால் அப்புறம் எதற்குக் கேட்பது? இரண்டு வாக்கும் என் தலையில்தான் வந்து விழுந்தன, முடிவு செய்யும் பாரம் முன்னைவிட இரண்டு மடங்கானது. காபி வாங்கித் தந்தார் லேனா. குடிக்காமல் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் தோளைத் தொடவில்லை, என்னவென்று கேட்கவும் இல்லை, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

விலகிவிடுவது என்று முடிவெடுத்து, அதைச் சொல்லத்தான் தம்பியைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் பாசத்துக்குத் தம்பியையும் ‘சாமி’ என்போம். அம்மாவுக்குச் செய்தது போலவே எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிடுகிறேன் சாமி, கை போனால் போகட்டும் என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் குரல் இறங்கிவிட்டது.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லோணுங்க. நீங்க வையக் கூடாது.”

“என்ன சாமி?”

“கோயில்ல போயி நெறி, ஆபரேஷன், அந்த நோவு பேரு, இதெல்லாம் வாயில வரலீங்க. சாமி மொகத்தப் பாத்துட்டு அந்தப் பேரச் சொல்றதுக்குப் பயமாப் போச்சு. பூசாரி கேக்கச் சொன்னாரு. நான், எங்கக்கா நல்லா இருக்குமா சாமின்னு மட்டுந்தாங்க கேட்டேன். பூ உழுந்துருச்சு. ஆபரேஷன் பண்ணாத் தான நல்லாருப்பீங்கன்னு, நானாத்தான் எடுத்துருங்கன்னு சொல்லிப்போட்டனுங்க.”

போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் பதில் சொல்லத் துணியாத கேள்வியை என் தம்பி கேட்டிருக்கிறான். நானும் அனிகாவிடம் அதைக் கேட்கத்தான் நினைத்தேன். எனக்கும் வாய் வரவில்லை, அதனால்தான் நெறியைப் பற்றிக் கேட்டேன். நான் நன்றாக இருப்பேன் என்று சாமி சொன்னது, நெறிகளை விட்டுவிடு என்று கம்ப்யூட்டர் சொன்னது. இரண்டும் மோதவே இல்லை. ஆய்விலேயே இருந்துகொள்கிறேன், நெறிகள் இருக்கட்டும் என்றேன்.

“ரிசல்ட்டு எப்பங்க வரும், எடுத்தது நல்லதா உட்டது நல்லதான்னு?”

“வருசக் கணக்கா எங்களையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்துதான் சொல்லுவாங்களாம்.”

“அப்ப அதுவரைக்கும் நீங்க இருந்தே ஆகோணும்ல?” என்றான் தங்கராசு. சிரிக்கத்தான் சொன்னான், பாதியில் குரல் உடைந்துவிட்டது.

அடுத்த மாதம் கதிர் வைத்தியம் ஆரம்பமானது. முதல் நாள் என் மார்பில் எங்கெங்கே கதிர் பட வேண்டும் என்று பேனாவால் சிலுவைக் குறிகள் போட்டார்கள். குளிக்கும்போது அழித்துவிடாதீர்கள், பவுடர் எதுவும் படக்கூடாது என்றார்கள். தம்பி அனுப்பிய திருநீற்றை நெற்றியில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். குறி போட்ட பெண் ஈரத்துணியோடு என் நெற்றிப் பக்கம் வந்து, நின்று, ஏதோ யோசித்து, “அங்கே கதிர் படாது, இருக்கட்டும்” என்று திரும்பிப் போய்விட்டாள். கனமான கதவு மூடிக்கொண்டது. அசையக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நெற்றியில் ஊரிலிருந்து வந்த குறியும் மார்பில் இங்கே போட்ட குறியுமாக, இரண்டும் அழிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.