முன்பக்கம் திறக்கும் சட்டைகள்

உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஆளைத் திட்டத் தெரிந்தவள் அந்தத் தையல்காரம்மா. இந்த வாரம் வாடிக்கைக்காரர் துணியெல்லாம் மூலையில் கிடக்கிறது. மகளுக்கு முன்பக்கம் திறக்கும் சட்டைகள் ஐந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்தால் பல நாள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதாம். "இதை எந்த மகராசனாவது வாயைத் திறந்து சொன்னானா? நானா நோண்டிக் கேட்டு வாங்கின சேதி."

மகளுக்குப் பன்னிரண்டு வயது. முதுகுக் கோணல் புத்தகப் பை கனத்தால்தான், நிமிர்ந்து நடந்தால் சரியாகிவிடும் என்று பள்ளிக்கு வந்த டாக்டர் சொல்லிவிட்டுப் போய் இரண்டு வருடம். அதற்குள் எலும்பு பாம்பாக நெளிந்துவிட்டது. அந்த ஆளின் பேச்சை எடுத்தாலே தையல் மிஷின் தடதடக்கும். ஆனால் அவளை அரிப்பது வேறொன்று. வலது தோள் ஏறியிருந்ததை அளவெடுக்கும்போதே கண்டவள் அவள்தான். கண்டும், சீருடையின் இடது தோளுக்குள் பஞ்சு வைத்துச் சமன் செய்தாள். "ஊரார் உடம்பையெல்லாம் அளக்கிறவ, பெத்த பிள்ளை முதுகை மறைச்சுத் தச்சிருக்கேன்" என்று ஒரே ஒரு தடவை கணவரிடம் சொன்னாள். அவர் ஆறுதல் சொல்ல வாய் திறந்திருந்தால் கத்தரிக்கோல் பறந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நாத்தனார் வந்தாள். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், தூங்கி எழுந்தால் முடிந்தது என்று பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். தையல்காரம்மா அவளை வராந்தாவரை தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"வலிக்கும்டி. முதல் நாலு நாள் நல்லாவே வலிக்கும். மருந்து குடுப்பாங்க. அழணும்னா அழு, என்னைத் திட்டணும்னா திட்டு. நான் எங்கேயும் போகமாட்டேன்."

மகள் கொஞ்சம் யோசித்து, இப்போதே திட்டலாமா என்று கேட்டாள். பிறகு இருவருமாக, ஆபரேஷன் முடிந்ததும் புரள வேண்டிய விதமாக இடுப்பை முறுக்காமல் மரக்கட்டை போல ஒருசேரப் புரண்டு படுக்கும் பயிற்சியைப் பத்துத் தடவை செய்தார்கள்.

மறுநாள் காலை பெரிய டாக்டரம்மா ஆறு மாணவர்களோடு வந்தார். அவர்களிடம் பேசிக்கொண்டே மகளின் சட்டையைப் பின்னாலிருந்து தூக்கினார். பிள்ளை முன்பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டது. தையல்காரம்மா டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சட்டையைக் கீழே இறக்கினாள்.

"அவகிட்ட கேட்டுட்டுத் தூக்குங்க."

டாக்டரம்மாவின் முகம் கறுத்தது. ஆனாலும் குனிந்து பிள்ளையிடம் கேட்டார்.

"நீங்க மட்டும் பாருங்க" என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

தையல்காரம்மா மாணவர்களை வெளியே அனுப்பினாள். மட்டும் என்றால் மட்டும்தான். தானும் வெளியே வந்து திரையை இழுத்தாள். அதன் இரண்டு ஓரங்களையும் ஒரே பிடியில் சேர்த்து இறுக்கிக்கொண்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.